ஒரே வசனம், இரண்டு வாசிப்பு: தீர்ப்பு யாரிடம்?

கத்தோலிக்க வீட்டில் இருக்கும் பைபிளில் 73 நூல்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் இருப்பதில் 66. கூடுதலாக இருக்கும் ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில பகுதிகள் கூடும். இவற்றைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்கிறார்கள். மற்ற சபையார் வைத்திருக்கும் பெயர் ‘தள்ளுபடி ஆகமங்கள்’. புத்தகங்கள் அதே புத்தகங்கள்தான். ஒரு தரப்பு இணைத்ததாகச் சொல்கிறது, மறு தரப்பு தள்ளியதாகச் சொல்கிறது. இணைக்கவும் தள்ளவும் யாருக்கு உரிமை என்று கேட்டுப் பாருங்கள். 500 ஆண்டுச் சண்டையின் நட்டநடுவில் போய் நிற்பீர்கள்.

இந்தச் சண்டையைப் பற்றி இரு தரப்பு வீடுகளிலும் ஆளுக்கொரு சுருக்கக் கதை உண்டு. “நாங்கள் வேதம் சொல்வதைக் கேட்கிறோம், அவர்கள் போப் சொல்வதைக் கேட்கிறார்கள்” என்பது ஒன்று. “எங்களுக்கு ஒரே திருச்சபை, அவர்களுக்கு ஆளுக்கொரு பைபிள், ஆளுக்கொரு அர்த்தம்” என்பது இன்னொன்று. இரண்டையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டுமே எதிர்த் தரப்புக்கு நியாயம் செய்யவில்லை. வேதம் தேவ வசனம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. மனசாட்சியுள்ள இரண்டு பேர் ஒரே வசனத்தை ஜெபத்தோடு வாசித்துவிட்டு இரண்டு வேறு முடிவுகளுக்கு வந்தால் என்ன செய்வது? இருவரில் யார் சரி என்று சொல்ல பூமியில் ஒரு நாற்காலி உண்டா, இல்லையா? பிளவு அங்கேதான் விழுந்தது.

அது எப்போது விழுந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடப் புத்தகம் 1517 அக்டோபர் 31 என்று சொல்லும். விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு எதிராக 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள். ஆனால் அந்த 95-ஐப் பொறுமையாக வாசித்தால், போப்பின் பெயரால் நடக்கும் வியாபாரத்தைப் போப் அறிந்தால் வருந்துவார் என்று நம்பும் ஒரு துறவியைத்தான் பார்க்கிறோம். சபையின் அதிகாரத்தை அவர் அப்போது மறுக்கவில்லை. மறுத்தது அதற்கு 20 மாதம் கழித்து, லைப்சிக் நகரத்தில்.

மதிய இடைவேளையில் ஒரு நூலகம்

1519 ஜூன் கடைசியில் சாக்சனி கோமகன் ஜார்ஜின் பிளைசன்பர்க் கோட்டையில் அந்த வாதம் தொடங்கியது. கத்தோலிக்கத் தரப்பில் யோஹான் எக். நல்ல நினைவாற்றல், கட்டைக் குரல், எதிராளி எங்கே வழுக்குவான் என்று மோப்பம் பிடிக்கும் திறமை. முதலில் அவர் லூதரின் சக ஆசிரியர் கார்ல்ஷ்டாட்டோடு வாதிட்டார். ஜூலை 4-ஆம் தேதி லூதர் மேடைக்கு வந்தார். போப்பின் முதன்மை கிறிஸ்துவே ஏற்படுத்தியதா, மனிதர் ஏற்படுத்தியதா என்பதுதான் தலைப்பு.

எக் மத்தேயு 16:18-ஐ எடுத்தார். பேதுருவைப் பார்த்து இயேசு, இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன் என்று சொல்லும் இடம். பாறை பேதுரு, பேதுருவின் வாரிசு ரோமாபுரி ஆயரான போப், எனவே தலைமை அவருடையது. லூதர் விடவில்லை. பாறை கிறிஸ்துவே, அல்லது பேதுரு அறிக்கையிட்ட விசுவாசம் என்றார். முன்னோர்களும் அவருக்குக் கைகொடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகஸ்டினே இந்த வசனத்துக்கு முதலில் ஒரு பொருளும் பிறகு வேறு பொருளும் சொல்லிவிட்டு, முதுமையில் வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டவர். கீழைத் தேசத்துக் கிரேக்கத் திருச்சபை ரோமின் கீழ் இருந்ததே இல்லை, அங்கே புனிதர்கள் இல்லையா என்றும் லூதர் கேட்டார். இதுவரை வாதம் சமமாகத்தான் போனது.

அப்புறம் எக் வலையை வீசினார். ரோமத் திருச்சபை மற்றெல்லாத் திருச்சபைகளுக்கும் மேலானது என்று நம்புவது மீட்புக்கு அவசியமில்லை என்ற கருத்து, பொகீமியாவின் ஜான் ஹஸ் சொன்னதல்லவா? ஹஸ்ஸை 1415 ஜூலை 6-ஆம் தேதி கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் பதிதன் (கொள்கை திரித்தவன்) என்று தீர்ப்பிட்டு எரித்ததல்லவா? அப்படியானால் நீர் ஹஸ்ஸின் ஆளா?

லைப்சிக்கில் இந்தக் கேள்வியைவிடப் பெரிய வெடிகுண்டு இருந்திருக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகமே 1409-இல், ஹஸ்ஸின் பிராகா நகரத்தில் உரிமை இழந்து வெளியேறிய ஜெர்மன் ஆசிரியர்கள் உருவாக்கியது. முன்வரிசையில் இருந்த கோமகன் ஜார்ஜின் தாயோ, ஹஸ்ஸைப் பின்பற்றியோரின் அரசரான பொதெப்ராடி ஜார்ஜின் மகள். தாய்வழிப் பாட்டனாரை நினைவுபடுத்தும் பெயர் அந்தச் சபையில் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

லூதர் முதலில் மறுத்தார். பொகீமியர்கள் பிரிந்துபோனது தவறு என்றார். மதிய இடைவேளை வந்தது. அவர் நூலகத்துக்குப் போய்க் கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் ஏடுகளை எடுத்து ஹஸ்ஸின் கருத்துகள் என்று கண்டனம் செய்யப்பட்டவற்றை வாசித்தார். திரும்பி வந்து, அவற்றில் பல உண்மையான கிறிஸ்தவக் கருத்துகள், நற்செய்திக்கு ஒத்தவை, அவற்றைத் திருச்சபை கண்டித்திருக்கக் கூடாது என்று சொன்னார். கோமகன் வாய்விட்டுச் சபித்ததாகப் பதிவு இருக்கிறது. முறையாகக் கூடிய ஒரு சங்கம் தவறும், தவறியது என்று நீர் நம்பினால், நீர் எனக்கு அஞ்ஞானியும் ஆயக்காரனும் போல, அதாவது சபைக்குப் புறம்பானவர் என்றார் எக்.

சீர்திருத்தத்தின் பிறந்தநாள் என்று எனக்குப் படுவது அந்த மதியம்தான். போப் தவறலாம் என்று அதற்கு முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள். போப்புக்கு மேல் பொதுச்சங்கம் இருக்கிறது என்ற ஆறுதலோடு சொன்னார்கள். லூதர் அந்த மேல்முறையீட்டு மன்றத்தையும் விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது வேதம் ஒன்றே. அதைக்கூட எக் சும்மா விடவில்லை. இறந்தோர் சொர்க்கம் சேருமுன் தூய்மையடையும் இடம் என்று சொல்லப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாக, இறந்தோருக்காக வேண்டுதல் செய்வதைச் சொல்லும் 2 மக்கபேயர் 12-ஐக் காட்டினார். அந்த நூல் எபிரேயத் திருமுறையில் (யூதர்கள் ஏற்ற வேத நூல்களின் பட்டியலில்) இல்லை, எனவே அதை வைத்துக் கோட்பாட்டை நிறுவ முடியாது என்றார் லூதர். முதல் பத்தியில் பார்த்த 73-க்கும் 66-க்கும் உள்ள தூரம் அந்த மேடையிலேயே அளக்கப்பட்டுவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1521 ஏப்ரல் 18, வார்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன்னால் லூதர் சொன்னதுதான் உலகுக்குத் தெரியும். வேதத்தின் சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ என்னை இணங்க வைத்தாலொழிய நான் பின்வாங்க மாட்டேன், போப்பையும் சங்கங்களையும் மட்டும் நம்ப என்னால் முடியாது, அவர்கள் பலமுறை தவறியும் தங்களுக்குள் முரண்பட்டும் இருக்கிறார்கள், என் மனசாட்சி தேவ வசனத்துக்குக் கட்டுப்பட்டது என்றார். மறுநாள் 21 வயதுப் பேரரசர் கொடுத்த பதிலை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. ஆயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ உலகம் முழுவதற்கும் எதிராக நிற்கும் ஒற்றைத் துறவி தவறியிருக்கத்தான் வேண்டும் என்றார் அவர். அதை அதிகாரத் திமிர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதற்குள் ஒரு நேர்மையான பயம் இருக்கிறது: ஒருவர் இப்படிச் சொல்ல அனுமதித்தால், அடுத்தவரை எந்த வாயால் தடுப்பது?

மேசைமேல் சுண்ணக்கட்டி

அந்தப் பயம் பத்தே ஆண்டில் நிஜமானது. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டைக்கு லூதரையும் சூரிச் நகரின் ஸ்விங்லியையும் ஹெஸ்ஸே நாட்டுப் பிலிப்பு கூட்டி வந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஸ்பையர் மாமன்றத்தில் சீர்திருத்தத் தரப்பு அரசர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்து, ‘புராட்டஸ்டண்டு’ என்ற பெயரையே பெற்றிருந்தார்கள். போர் வந்தால் சேர்ந்து நிற்க வேண்டும், அதற்கு முன் கொள்கையில் சேர வேண்டும் என்பது பிலிப்பின் கணக்கு.

இருவரும் போப்பை மறுத்தவர்கள். இருவரும் வேதம் மட்டுமே என்றவர்கள். இருவரும் மூல மொழிகளில் வாசிக்கத் தெரிந்தவர்கள். கைக்கு வந்த 15 விஷயங்களில் 14-இல் இசைந்தார்கள். சிக்கியது திருவிருந்து. கடைசி இராவுணவில் அப்பத்தை எடுத்து இயேசு, “இது என் உடல்” என்றாரே, அதற்கு என்ன பொருள்? லூதர் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து மேசைமேல் அந்த வார்த்தையை லத்தீனில் எழுதி, விரிப்பால் மூடி வைத்துக்கொண்டார். ‘உடல்’ என்றால் உடல்தான். ‘உடலைக் குறிக்கிறது’ என்று மாற்ற யாருக்கும் உரிமையில்லை. ஸ்விங்லி யோவான் 6:63-ஐக் காட்டினார். மாம்சம் எதற்கும் உதவாது, ஆவியே உயிர்ப்பிக்கிறது என்று அதே இயேசுதான் சொல்லியிருக்கிறார். நானே திராட்சைச் செடி என்றும் சொன்னார், அதற்காக அவரைச் செடி என்றா எடுத்துக்கொள்கிறோம்? பேச்சின் நடுவே லூதர் விரிப்பை விலக்கிச் சுண்ணக்கட்டி எழுத்தைக் காட்டினார். உங்களுக்கு வேறு ஆவி என்று சொல்லிவிட்டுப் பிரிந்தார். இரண்டு ஆண்டில் ஸ்விங்லி போர்க்களத்தில் இறந்துபோனார்.

வேதம் தனக்குத் தானே விளக்கம் தரும், தெளிவற்ற இடத்தைத் தெளிவான இடத்தைக் கொண்டு புரிந்துகொள்ளலாம் என்பது சீர்திருத்தத் தரப்பின் அடிப்படை விதி. விதி நல்லதுதான். மார்பர்க்கில் வந்த சிக்கல், எது தெளிவான இடம் என்பதிலேயே இருவரும் வேறுபட்டது. லூதருக்கு மத்தேயு 26 தெளிவு. ஸ்விங்லிக்கு யோவான் 6 தெளிவு. கத்தோலிக்கர்கள் அன்றிலிருந்து இன்றுவரை சுட்டிக்காட்டுவது இந்த மேசையைத்தான். அதற்கு நேரான பதில் புராட்டஸ்டண்டு தரப்பில் இருந்து நான் கண்டதில்லை.

சூரிச்சிலேயே இதைவிட வருத்தமான ஒன்று நடந்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி வேதத்தில் எங்கே இருக்கிறது என்று ஸ்விங்லியின் மாணவர்களே கேட்டார்கள். வேதத்தில் காட்டுங்கள் என்று கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்விங்லி. பதில் நகரசபையிடமிருந்து வந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் லிம்மட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். ரோமில் ஒரு நீதிபதியை இறக்கிவிட்ட நகரம், தன் மன்றத்திலேயே இன்னொரு நீதிபதியை உட்கார வைத்துவிட்டது.

சரி, அதனால் புராட்டஸ்டண்டு என்றாலே ஆளுக்கொரு அர்த்தம் என்று ஆகிவிடுமா? ஆகாது. லூதரோ, ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினோ ஒருவரும் பைபிளை எடுத்துக்கொண்டு தனியாக மூலையில் உட்காரச் சொல்லவில்லை. லுத்தரன்களுக்கு 1530-இல் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை வந்தது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன்களுக்கு 39 பிரிவுகள் வந்தன. விசுவாசச் சிக்கல்களில் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எழுதப்பட்ட வசனத்துக்கு விரோதமாக எதையும் கட்டளையிட அதற்கு உரிமையில்லை என்கிறது அதன் 20-ஆம் பிரிவு. பொதுச்சங்கங்கள் தவறலாம், தவறியும் இருக்கின்றன என்கிறது 21-ஆம் பிரிவு. 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய ஆங்கிலேய, ஸ்காட்லாந்துப் போதகர்கள் இன்னும் கவனமாக எழுதினார்கள்: வேதத்தில் எல்லாமே ஒரே அளவு தெளிவாக இல்லை, எல்லாருக்கும் ஒரே அளவு தெளிவாகவும் இல்லை. ஆனால் மீட்புக்கு அவசியமானவை, படித்தவரும் படிக்காதவரும் சாதாரண வழிகளைக் கொண்டே போதுமான அளவு புரிந்துகொள்ளும்படி எங்காவது ஓரிடத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் முன்னோர் சொன்னது, சங்கம் சொன்னது, விசுவாச அறிக்கை எல்லாவற்றுக்கும் இங்கே மதிப்பு உண்டு. வேதத்தை வைத்து அவற்றைத் திருத்தலாம், அவற்றை வைத்து வேதத்தைத் திருத்த முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்தைக் கேலி செய்கிறவர்கள் ஹஸ்ஸை நினைத்துப் பார்க்க வேண்டும். முறையாகக் கூடிய ஒரு சங்கம், அரசர் சிகிஸ்முண்ட் கொடுத்த பாதுகாப்புக் கடிதத்தோடு வந்த ஒரு மனிதரை எரித்தது. எந்த மேடையில் போய் அதைத் தவறு என்று சொல்வது? சங்கம் தவறாது என்றால் சொல்ல மேடையே இல்லை.

பட்டியலை எழுதியது யார்

கத்தோலிக்கத் தரப்பின் பலமான வாதம் போப்பைப் பற்றியதே இல்லை. அது பொருளடக்கத்தைப் பற்றியது. வேதம் மட்டுமே என்கிறீர்கள், எந்தெந்த நூல்கள் வேதம் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இன்று எல்லாரும் ஏற்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைக்கும் முதல் ஏடு, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) மடல். இயேசுவுக்குப் பிறகு முந்நூறு ஆண்டுக்கும் மேல். அதுவரை எபிரேயர், யாக்கோபு, திருவெளிப்பாடு போன்றவற்றைச் சில ஊர்கள் ஏற்றன, சில ஊர்கள் தயங்கின. அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது சபைகளின் வழிபாட்டு வழக்கமும், ஆயர்களின் தீர்மானங்களும், வட ஆப்பிரிக்காவில் 393-இலும் 397-இலும் கூடிய சங்கங்களும். கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரம் என்னைத் தூண்டியிராவிட்டால் நான் நற்செய்தியையே நம்பியிருக்க மாட்டேன் என்று அகஸ்டின் எழுதியது அந்தக் காலத்தில்தான்.

இதற்குக் கால்வின் பதில் சொன்னார். வெளிச்சத்தை இருட்டிலிருந்து பிரித்தறிய யாராவது அத்தாட்சி தர வேண்டுமா? இனிப்பைக் கசப்பிலிருந்து அறிய? வேதம் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது, வாசிப்பவர் உள்ளத்தில் தூய ஆவியின் சாட்சி அதை உறுதிசெய்கிறது. திருச்சபை அந்த நூல்களை அடையாளம் கண்டது, அதிகாரம் கொடுக்கவில்லை. அழகான பதில், விசுவாசிக்கு உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே ஆவியின் சாட்சியோடு வாசித்த லூதர், 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். எபிரேயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி வைத்தார். அவருடைய சபையே பிறகு அந்தத் தயக்கத்தைப் பின்பற்றவில்லை. பொருளடக்கக் கேள்வியில் கத்தோலிக்க வாதம்தான் வலுவானது என்று நான் நினைக்கிறேன்.

அது முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தில் உள்ளவற்றுக்கே முழு மதிப்பு என்று நான்காம் நூற்றாண்டில் வாதிட்டவர், திருச்சபையின் லத்தீன் பைபிளையே உருவாக்கிய எரோணிமுஸ். 1518-இல் லூதரை அவுக்ஸ்பர்க்கில் விசாரித்த கர்தினால் கஜெத்தானும் பிறகு அதே கருத்தைத்தான் எழுதினார். இந்த ஏழு நூல்களைப் பற்றிய கதவு கத்தோலிக்கத்துக்குள் இறுதியாக அடைக்கப்பட்டது 1546 ஏப்ரல் 8-ஆம் தேதி, ட்ரெண்ட் நகரில் கூடிய பொதுச்சங்கத்தின் நான்காம் அமர்வில். லூதர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதே நாளில் அதே சங்கம் இன்னொரு தீர்மானமும் எடுத்தது. நற்செய்தியின் உண்மை “எழுதப்பட்ட நூல்களிலும் எழுதப்படாத மரபுகளிலும்” அடங்கியிருக்கிறது, இரண்டையும் ஒரே பக்தியோடு ஏற்க வேண்டும் என்றது. இந்த ‘உம்’ சாதாரண உம் இல்லை. முதல் வரைவில் “ஒரு பகுதி நூல்களிலும், ஒரு பகுதி மரபுகளிலும்” என்றிருந்தது. சங்கத்துக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். இறுதி வாசகத்தில் ‘ஒரு பகுதி’ காணாமல் போய் வெறும் ‘உம்’ நின்றது. வேதத்தில் பாதி, மரபில் பாதியா? அல்லது எல்லாமே வேதத்தில் இருக்க, மரபு அதை வாசிக்கும் வழியா? அந்த ஒரு சொல்லை வைத்துக் கத்தோலிக்க இறையியலாளர்கள் 400 ஆண்டு கழித்தும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கம் பற்றி மட்டும் சங்கம் ஐயமின்றிச் சொன்னது: தாய்த் திருச்சபை கொண்டிருக்கும் பொருளுக்கு எதிராக யாரும் தன் சொந்த அறிவை நம்பி வேதத்தைத் திரிக்கக் கூடாது. உண்மைப் பொருளைத் தீர்ப்பிடுவது திருச்சபையின் உரிமை.

கத்தோலிக்கத் தரப்புக்குக் கடினமான இடமும் அதே கான்ஸ்டன்ஸ்தான். ஹஸ்ஸை எரித்ததற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, 1415 ஏப்ரல் 6-இல், அந்தச் சங்கம் தன் அதிகாரம் கிறிஸ்துவிடமிருந்தே நேராக வருகிறது, விசுவாச விஷயங்களில் போப்பும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அறிவித்தது. அப்போது மூன்று பேர் தாங்களே போப் என்று உரிமை கொண்டாடினார்கள். சங்கம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து 1417-இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தது. 1870 ஜூலை 18-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் நேர் எதிர்த்திசையில் போனது. போப் தன் ஆசனத்திலிருந்து, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும் கட்டளையாக வரையறுத்தால் அது தவறாது, அதற்குத் திருச்சபையின் ஒப்புதலும் தேவையில்லை என்றது. ஆதரவு 533, எதிர்ப்பு 2. எதிர்க்க நினைத்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு சங்கங்களும் ஒன்றையே சொன்னதாகக் காட்ட எத்தனையோ விளக்கங்கள் வந்துள்ளன. வாசிக்கிறேன், முழு நிறைவு வரவில்லை.

தவறாமை என்றதும் போப் பேசுவதெல்லாம் தவறாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1870-க்குப் பிறகு அந்த அதிகாரத்தை வெளிப்படையாகப் பயன்படுத்தியது ஒரே முறை, மரியாவின் விண்ணேற்பை, அதாவது அவர் உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதைப் பன்னிரண்டாம் பயஸ் 1950 நவம்பர் 1-இல் வரையறுத்தபோது. அந்த ஒரு முறையே புராட்டஸ்டண்டுகளுக்குப் பெரிய நெருடல், ஏனெனில் அதை வேதத்தில் அவர்களால் காண முடியவில்லை. ஹஸ்ஸைப் பொறுத்தவரை, அவருடைய கொடிய மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பதாக இரண்டாம் யோவான் பவுல் 1999 டிசம்பரில் சொன்னார். 584 ஆண்டுகள் கழித்து.

தமிழில் நடந்த அதே வாதம்

இந்தக் கருத்து வேறுபாடு தமிழ் அச்சு வரலாற்றிலேயே பதிந்து கிடக்கிறது. இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு 1578-இல் தம்பிரான் வணக்கம் அச்சிட்டார். தொடர்ந்து பெரிய ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறை, 1586-இல் அடியார் வரலாறு. எல்லாம் திருச்சபை தொகுத்துக் கற்றுத்தரும் நூல்கள். பைபிள் அந்த வரிசையில் இல்லை. 1706 ஜூலையில் லுத்தரன் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். ஒன்பதே ஆண்டில், 1715-இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஒரு தரப்புக்கு முதலில் தேவைப்பட்டது போதனை, மறு தரப்புக்கு முதலில் தேவைப்பட்டது வசனம். தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராக வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று உரைநடை நூல்களே எழுதினார். லைப்சிக்கில் லத்தீனில் தொடங்கிய வாதம் இருநூறு ஆண்டு கழித்துத் தமிழ் உரைநடையில் தொடர்ந்தது.

மத்தேயு 16:18-ஐ இரு பைபிள்களிலும் எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் “இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்”. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியத்தில் “இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்”. சபை என்றால் மனதில் வருவது கூடியிருக்கும் ஜனங்கள். திருச்சபை என்றால் ஒரு பெரிய அமைப்பும் சேர்ந்து வருகிறது. சேர்ந்து மொழிபெயர்த்தும், அந்தப் புத்தகம் கத்தோலிக்க ஆலயங்களில்தான் வேரூன்றியது. புராட்டஸ்டண்டு வீடுகளில் பெரும்பாலும் பழையதே ஓதப்படுகிறது.

நடைமுறையில் இரு தரப்பும் தங்கள் கொள்கைப்படியே நடக்கின்றன என்றும் நினைக்க வேண்டாம். வேதம் மட்டுமே என்று சுவரில் எழுதியிருக்கும் எத்தனையோ சுயாதீன சபைகளில் பாஸ்டர் சொல்லும் பொருளுக்கு மேல்முறையீடு கிடையாது. அவரைக் கட்டுப்படுத்த விசுவாச அறிக்கையும் இல்லை, பேராயரும் இல்லை. இன்னொரு பக்கம், 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், திருச்சபையின் போதனை அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது இல்லை, அதற்குப் பணிவிடை செய்வது என்று எழுதியது. விசுவாசிகள் எல்லாருக்கும் வேதம் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. இன்று நம் ஊர்களில் அன்பியக் கூட்டத்தில் தெருக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து விவிலியம் வாசித்து, தங்களுக்குப் பட்டதைச் சொல்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகளுக்கு அது கிடைத்ததில்லை.

எனவே தூரம் குறைந்திருக்கிறது, நிச்சயமாக. லூதரின் மையக் கேள்வியாக இருந்த ‘விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல்’ பற்றியே 1999 அக்டோபர் 31-இல், அவுக்ஸ்பர்க்கில், உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 95 கருத்துரைகள் கிளப்பிய சண்டையில் பெரும்பகுதி அங்கே தணிந்தது. லைப்சிக் மதியம் கிளப்பிய சண்டை தணியவில்லை. கடைசி வார்த்தை யாருடையது என்பது இன்றும் சாதாரண மனிதர்களின் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறது.

2015 நவம்பரில் ரோமில் உள்ள லுத்தரன் ஆலயத்துக்குப் போப் பிரான்சிஸ் போயிருந்தார். கத்தோலிக்கரை மணந்த ஒரு லுத்தரன் பெண் எழுந்து, நாங்கள் இருவரும் ஒரே நற்கருணையில் (திருவிருந்தில்) பங்கெடுக்க முடியாமல் இருக்கிறோம், எப்போது முடியும் என்று கேட்டார். அனுமதி கொடுப்பது தன் தகுதிக்குட்பட்டது இல்லை என்றார் பிரான்சிஸ். ஒரே திருமுழுக்கு, ஒரே ஆண்டவர், ஒரே நம்பிக்கை என்று நினைவூட்டிவிட்டு, ஆண்டவரோடு பேசுங்கள், முன்னே செல்லுங்கள், இதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்று முடித்தார். 2018-இல் ஜெர்மன் ஆயர்களில் பெரும்பான்மையோர், இப்படிப்பட்ட துணைவர்கள் சில சூழல்களில் நற்கருணை பெறலாம் என்று ஒரு வழிகாட்டியை உருவாக்கினார்கள். ஏழு ஆயர்கள் எதிர்த்து ரோமுக்கு எழுதினார்கள். வெளியிடும் அளவுக்கு அது பக்குவமடையவில்லை என்று ரோமிலிருந்து கடிதம் வந்தது. கடைசியில் ஆயர்களுக்கான துணைக்குறிப்பாக மட்டும் அது வெளியானது. பாடர்போர்ன் பேராயர் தனிப்பட்ட சூழலைப் பார்த்து அனுமதிக்க வழிவிட்டார். எதிர்த்து எழுதிய எழுவரில் ஒருவர் கொலோன் பேராயர். அந்தப் பெண்ணையும் அவர் கணவரையும் போன்ற ஒரு தம்பதி ஜெர்மனியில் எந்த வரிசையில் சேர்ந்து நிற்கலாம் என்பது, அவர்கள் எந்த மறைமாவட்டத்தில் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.